அத்தியாயம் 7: உவர்க்கரை இலைகளைக் கணினிப் படத்தால் அளத்தல்

தூத்துக்குடியிலிருந்து தெற்கே, தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல் வரை நீளும் கரையில் வளரும் தாவரங்களின் இலைகள் உப்பு, வெயில், காற்று ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் தாங்கும்படி அமைந்தவை. அவற்றின் பரப்பு, தடிப்பு, துளைகளின் அடர்த்தி, நரம்புப் பின்னல் ஆகியவற்றை எண்களாக மாற்றினால், ஒரு மரம் தான் நிற்கும் மண்ணின் உவர்ப்புக்கு எவ்வாறு ஈடுகொடுக்கிறது என்பதை மற்றொரு மரத்தோடு ஒப்பிட்டுக் கூற முடியும். முன்பு இவ்வேலை வரைபடத் தாளில் இலையை வைத்துக் கோடிழுத்துக் கட்டங்களை எண்ணுவதாகவும், நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டே துளைகளை எண்ணுவதாகவும் இருந்தது. இன்று தட்டை ஸ்கேனர், நுண்ணோக்கிக் கேமரா, இலவச மென்பொருள் ஆகியவை இருந்தால் ஒரு கல்லூரி ஆய்வகத்திலேயே அதைச் செய்துவிடலாம். மென்பொருளைக் கற்பது இதில் எளிய பகுதி. இந்தக் கரையில் பிழைகள் பெரும்பாலும் இலையின் மேல் படிந்த உப்பிலும், அடிப்பக்கத் தூவிகளிலும், தவறாகக் குறிக்கப்பட்ட அளவுகோலிலும்தான் பிறக்கின்றன. எனவே இவ்வத்தியாயம் கணினிக்கு முந்தைய படிகளுக்கே கூடுதல் இடம் தருகிறது.

எந்த இலையைப் பறிப்பது

புன்னைக்காயல், பழையகாயல் கழிமுகப் பகுதியில் அதிகம் காணப்படும் அவிசென்னியா மரினா என்னும் அலையாத்தி, பயிற்சிக்கு மிகப் பொருத்தமான மரமாகும். இது உப்பை வேரிலேயே முழுதும் தடுத்துவிடுவதில்லை. உள்ளே வந்த உப்பின் ஒரு பகுதியை இலையில் உள்ள உப்புச் சுரப்பிகள் வழியாக வெளியேற்றுகிறது. நீர் ஆவியானதும் அந்த உப்பு இலையின் மேல் பளபளக்கும் படிகங்களாகத் தங்குகிறது. இலையின் மேற்பக்கம் வழவழப்பான பச்சையாகவும், அடிப்பக்கம் நெருக்கமான தூவிகளால் மூடப்பட்டு வெள்ளி கலந்த சாம்பல் நிறமாகவும் இருக்கும்; இலைத்துளைகள் அந்தத் தூவிகளுக்கு அடியில் மறைந்திருக்கும். பிச்சாவரத்தில் பெருமளவில் காணப்படும் சுரபுன்னையில் உப்புச் சுரப்பிகள் இல்லை. அதன் அடிப்பக்கத்தில் தக்கைத் திசுவாலான சிறு கரும்புள்ளிகள் தூவியதுபோல் காணப்படும். இரண்டும் அலையாத்திக் காட்டு மரங்களே என்றாலும், ஒன்றுக்குப் பொருந்தும் படமெடுக்கும் முறை மற்றதற்குப் பொருந்தாது.

ஒரே மரத்திலும் வெயில் படும் இலை சிறிதாகவும் தடிப்பாகவும், நிழலில் இருக்கும் இலை அகலமாகவும் மெல்லியதாகவும் அமையும். ஆகையால் கிளையின் நுனியிலிருந்து மூன்றாவது இணை இலை, கடலைப் பார்த்த வெளிப்புறக் கிளை, தரையிலிருந்து ஏறத்தாழ ஒரே உயரம் என்பன போன்ற விதிகளை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு, எல்லா மரங்களிலும் அதே விதிப்படி பறிக்க வேண்டும். தூத்துக்குடிக் கரைக்கு மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிடைப்பதால், அதற்கு முன்னும் பின்னும் கழிமுகத்தின் உவர்ப்பு பெரிதும் மாறுபடும். ஆகஸ்டில் பறித்த இலையையும் ஜனவரியில் பறித்த இலையையும் ஒரே பட்டியலில் கலந்துவிட்டால், இடத்தின் வேறுபாடா பருவத்தின் வேறுபாடா என்று பின்னர் பிரித்தறிய இயலாது. பறித்த இலைகளை ஈரத்துணியோடு பிளாஸ்டிக் உறையில் மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்துக்குக் கொண்டுவருவது நல்லது; வாடிய இலையின் ஓரங்கள் சுருங்குவதால் பரப்பு குறைந்து காட்டும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. 1989 முதல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாகவும் உள்ளது. தீவுகளிலோ காப்புக் காடுகளிலோ ஓர் இலையைப் பறிப்பதற்கும் வனத்துறையின் எழுத்து அனுமதி தேவை என்பதை ஆய்வுத் திட்டம் எழுதும்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

கழுவுதல்

படமெடுக்கும் முன் இலையைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, மென்மையான தாளால் ஒற்றி எடுக்க வேண்டும். உப்புப் படிகம் வெள்ளை. ஸ்கேனரின் பின்னணியும் வெள்ளை. கழுவாத இலையில் படிகம் இருக்கும் இடங்களையெல்லாம் மென்பொருள் ஓட்டையாகவே கருதும். வெளியேறிய உப்பின் அளவையும் அறிய விரும்புவோர், இலைகளை முதலில் குறித்த அளவு நீரில் கழுவி, அந்த நீரின் மின்கடத்துதிறனை அளந்த பிறகே படமெடுக்க வேண்டும். வரிசை மாறினால் அந்தத் தகவல் மீளாது.

துறைமுகச் சாலையிலும் அனல்மின் நிலையச் சுற்றுவட்டாரத்திலும் உள்ள மரங்களைப் படிப்போருக்கு நிலக்கரித் தூசும் சாம்பலும் ஆய்வுப் பொருளே ஆகலாம். அப்போது கழுவும் முன், ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவை இலையின் மேல் மெல்ல அழுத்தி எடுத்து, வெள்ளை அட்டையில் ஒட்டி, அதை ஸ்கேன் செய்தால், கருந்துகள்கள் மூடியிருந்த பரப்பின் விழுக்காட்டை இலைப் பரப்பைக் கணக்கிடும் அதே முறையில் கணக்கிடலாம்.

அளவுகோலும் படப்புள்ளியும்

கணினிக்கு மில்லிமீட்டர் தெரியாது. பிக்சல் எனப்படும் படப்புள்ளி மட்டுமே தெரியும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பதால், 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் எடுக்கப்பட்ட ஸ்கேனில் ஒரு மில்லிமீட்டருக்கு 11.81 புள்ளிகளும், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 139.5 புள்ளிகளும் அடங்கும். 12 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஓர் இலை சுமார் 1,67,400 புள்ளிகளாகப் பதியும். பரப்பை மட்டும் அளப்பதற்கு இது தாராளமாகப் போதும். இலை ஓரத்தின் நுண்பற்களையோ பூச்சி கடித்த வடுக்களையோ படிப்பதானால் 600 டிபிஐ வைத்துக்கொள்ளலாம்.

கைபேசியில் எடுக்கும் படத்துக்கு இத்தகைய நிலையான விகிதம் கிடையாது. கேமரா அருகே வந்தாலும் விலகினாலும் அளவு மாறும். அதனால் ஒவ்வொரு படத்திலும், இலை கிடக்கும் அதே தளத்தில், ஓர் உலோக அளவுகோல் இருக்க வேண்டும். அளவுகோலில் நேரும் பிழை பரப்பில் இரட்டிக்கும்: நீளத்தில் 2 விழுக்காடு தவறினால் பரப்பில் 4 விழுக்காட்டுக்குச் சற்று மேலாகவும், நீளத்தில் 10 விழுக்காடு தவறினால் பரப்பில் 21 விழுக்காடாகவும் அது வளரும். இரண்டு இடத்து மரங்களின் இலைப்பரப்பு வேறுபாடே பல ஆய்வுகளில் இந்த அளவுக்குள் அடங்கிவிடும் என்பதை எண்ணிப் பார்த்தால், அளவுகோல் இல்லாத படங்களை வருந்தாமல் ஒதுக்கிவிட வேண்டும் என்பது விளங்கும். படங்களை டிஃப் வடிவில் சேமிக்க வேண்டும். ஜேபெக் வடிவம் கோப்பைச் சுருக்கும்போது விளிம்புகளைக் கலைத்துவிடுகிறது.

உப்பளக் கரைகளில் வளரும் உமரி போன்ற சதைப்பற்றுள்ள செடிகளுக்கு ஒரு திருத்தம் தேவை. உருளை வடிவ இலையை ஸ்கேன் செய்தால் கிடைப்பது அதன் நிழற்பரப்பு மட்டுமே, அதாவது நீளத்தை விட்டத்தால் பெருக்கிய எண். அதன் முழுப் புறப்பரப்பு, முனைகளை நீக்கிப் பார்த்தால், அதைப் போல் 3.14 மடங்கு. தட்டை இலைகளோடு உமரியை நேரடியாக ஒப்பிடும் அட்டவணைகளில் இத்திருத்தம் விடுபடுவது அடிக்கடி நேரும் குறையாகும்.

இலையைப் பின்னணியிலிருந்து பிரித்தல்

இவ்வேலைக்கு மிகப் பரவலாகப் பயன்படுவது இமேஜ்ஜே என்னும் இலவச மென்பொருள். அமெரிக்காவின் தேசிய உடல்நல நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பேண்ட் 1997-இல் உருவாக்கத் தொடங்கிய இது, உயிரியல் ஆய்வுக்கான கூடுதல் செருகுநிரல்களோடு ஃபிஜி என்ற பெயரிலும் கிடைக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் இயங்கும்.

மென்பொருள் முதலில் படத்தை 0 முதல் 255 வரையிலான சாம்பல் நிலைகளாக மாற்றுகிறது. பின்னர் த்ரெஷோல்டு எனப்படும் எல்லை மதிப்பு ஒன்றைக் கொண்டு, அதற்குக் கீழ் இருக்கும் புள்ளிகளை இலை என்றும், மேல் இருப்பவற்றைப் பின்னணி என்றும் பிரிக்கிறது. எந்த எண்ணை எல்லையாக வைப்பது என்பதற்கு ஜப்பானியரான நொபுயுகி ஓட்சு 1979-இல் வெளியிட்ட முறை இன்றும் பெரிதும் பயன்படுகிறது. இரு பிரிவுகளுக்குள்ளும் சாம்பல் நிலைகளின் சிதறல் மிகக் குறைவாக இருக்கும் எண்ணை அது தானே தேடி எடுத்துக்கொள்கிறது. இலையும் தாளும் தெளிவாக வேறுபடும் படத்தில் இம்முறை ஏமாற்றாது. நிழல் விழுந்த படத்தில் நிழலையும் இலையோடு சேர்த்துவிடும்.

சாம்பல் நிலைக்கு மாற்றும் முன் வண்ணப் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று தடங்களாகப் பிரித்து, நீலத் தடத்தை மட்டும் எடுத்துக்கொள்வது இக்கரை இலைகளுக்கு நல்ல பயன் தரும். பச்சை இலை சிவப்பு, நீலம் ஆகிய இரு ஒளிகளையும் உறிஞ்சுவதால் அவ்விரு தடங்களிலும் கருமையாகத் தெரியும். ஆனால் உவர்ப்பாலோ முதுமையாலோ மஞ்சளித்த பகுதி சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புவதால், சிவப்புத் தடத்தில் அது வெளுத்துப் பின்னணியோடு கலந்துவிடும். மஞ்சள் பகுதியும் நீல ஒளியை உறிஞ்சும் என்பதால் நீலத் தடத்தில் இலை முழுவதும் ஒரே கருமையாக நிற்கும். அலையாத்தியைப் பொறுத்தவரை பச்சையான மேற்பக்கம்தான் ஸ்கேனரின் கண்ணாடியைப் பார்த்திருக்க வேண்டும். வெள்ளி நிற அடிப்பக்கத்தைப் படமெடுக்கத் தேவை ஏற்பட்டால் மூடிக்கு அடியில் கருப்புத் துணி விரித்துக்கொள்ளலாம்.

பிரித்த பிறகு எஞ்சும் தூசுப்புள்ளிகளை நீக்க, குறிப்பிட்ட பரப்புக்குக் குறைந்த எதையும் எண்ண வேண்டாம் என்று மென்பொருளுக்குக் கட்டளையிடலாம். முத்துக்குளிப்புக் காலத்தில் தூத்துக்குடி வணிகர்கள் 20 துளையில் தொடங்கி 1000 துளை வரையிலான பித்தளைச் சல்லடைகளை வரிசையாக வைத்து முத்துகளைத் தரம் பிரித்த முறையை ஒத்ததே இது: சல்லடையின் துளையை யார் தீர்மானித்தாரோ, அவரே விளைவையும் தீர்மானித்தவர். ஆகவே அந்தக் குறைந்தபட்சப் பரப்பு எவ்வளவு என்பது ஆய்வறிக்கையில் எழுதப்பட வேண்டும்.

பரப்போடு சுற்றளவும் கிடைப்பதால் வடிவத்தையும் எண்ணாக்கலாம். பரப்பை 4π-ஆல் பெருக்கிச் சுற்றளவின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் வட்டத்தன்மை எண் முழு வட்டத்துக்கு 1. இலை நீண்டு ஒடுங்கினாலும், ஓரம் கிழிந்தாலும் குறையும். இரு காரணங்களையும் இந்த எண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது என்பதால், நீள அகல விகிதத்தையும் சேர்த்தே தர வேண்டும்.

இலைத்துளைகள்

இலைத்துளை என்பது இரு காப்புச் செல்களுக்கு இடையே திறந்து மூடும் நுண்வழி. கரியமில வாயு உள்ளே செல்வதும் நீராவி வெளியேறுவதும் இதன் வழியேதான். பல செடிகளில் நிறமற்ற நகப்பூச்சை இலையின் மேல் தடவி, உலர்ந்ததும் ஒட்டுநாடாவால் உரித்தெடுத்தால், தோலின் அச்சு அப்படியே கிடைக்கும். அலையாத்தியின் அடிப்பக்கத்தில் இம்முறை தோற்றுப்போகிறது. பூச்சு தூவிகளின் தலைகளிலேயே தங்கிவிடுவதால் கிடைப்பது தூவிகளின் அச்சுதான். அங்கே ரேசர் பிளேடின் முனையால் தூவிகளை மிக இலேசாகச் சுரண்டி நீக்கிய பிறகு, இலைத்துண்டை 5 விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சில நாள் ஊறவைத்து, கழுவி, வெளுத்து, சஃப்ரனின் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். காரக் கரைசல் தோலையும் கண்ணையும் எரிக்கும். கையுறையும் கண்ணாடியும் இன்றி இதைச் செய்யக் கூடாது. எங்கே தூவி நீக்கப்பட்டது, எங்கே தோலும் சேர்ந்து சிதைந்தது என்பதைப் பார்த்து, சிதைந்த இடங்களை எண்ணிக்கையில் சேர்க்காமல் விடுவது இவ்வேலையில் மிக முக்கியமான பொறுமை.

நுண்ணோக்கிப் படத்தின் அளவுகோலை, ஒரு மில்லிமீட்டரை 100 பாகங்களாகப் பிரித்த ஸ்டேஜ் மைக்ரோமீட்டரைப் படமெடுத்து நிர்ணயிக்க வேண்டும். அதன் ஒவ்வொரு பாகமும் 10 மைக்ரோமீட்டர். லென்ஸை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: மைக்ரோமீட்டருக்கு 4 புள்ளிகள் என்று அமைந்த படத்தின் அளவு 1600 × 1200 புள்ளிகள் எனில், அது 400 × 300 மைக்ரோமீட்டர், அதாவது 0.12 சதுர மில்லிமீட்டர். அதில் 18 துளைகள் இருந்தால் அடர்த்தி சதுர மில்லிமீட்டருக்கு 150. படத்தின் ஓரத்தில் பாதியாகத் தெரியும் துளைகளை என்ன செய்வது என்பதற்கு ஒரு விதி உண்டு: மேல் ஓரத்தையும் இடது ஓரத்தையும் தொடுபவை எண்ணப்படும்; கீழ், வலது ஓரங்களைத் தொடுபவை விடப்படும்.

அடர்த்தி மட்டும் சில வேளை தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். உவர்ப்பு மிகுந்த மண்ணில் இலை சிறுத்துச் செல்களும் சிறுத்தால், துளைகள் புதிதாகத் தோன்றாமலேயே நெருங்கி நிற்பதால் அடர்த்தி கூடும். இதைச் சரிசெய்ய சாலிஸ்பரி 1927-இல் முன்வைத்த இலைத்துளைக் குறியெண் உதவுகிறது: துளைகளின் எண்ணிக்கையைத் துளைகளும் புறத்தோல் செல்களும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்து 100-ஆல் பெருக்குவது. மேற்சொன்ன படத்தில் 102 புறத்தோல் செல்கள் இருந்தால் குறியெண் 18-ஐ 120-ஆல் வகுத்து வரும் 15. உவர்நில ஆய்வில் இவ்விரு எண்களையும் சேர்த்துத் தராத அட்டவணையை முழுமையானதாகக் கொள்ள முடியாது.

துளை எண்ணிக்கைக்கு உள்ள வரலாற்று மதிப்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். இங்கிலாந்தின் வுட்வர்ட் 1987-இல், உலர்தாவரத் தொகுப்புகளில் இருந்த மர இலைகளை ஆராய்ந்து, தொழிற்புரட்சிக்குப் பிந்தைய சுமார் 200 ஆண்டுகளில், காற்றில் கரியமில வாயு கூடக்கூடத் துளை அடர்த்தி ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததைக் காட்டினார். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையின் தென்மண்டலத்தில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியமும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ரேபினாட் ஹெர்பேரியமும் தமிழகத் தாவரங்களின் பழைய மாதிரிகளைக் காத்துவருகின்றன. இத்தகைய கேள்வியை நம் கரையைக் குறித்தும் எழுப்ப விரும்புவோருக்கு முதல் வாயில் அவையே.

குறுக்குவெட்டும் நரம்பும்

அலையாத்தி இலையைக் கூரிய பிளேடால் கையாலேயே மெல்லிய குறுக்குச் சீவல்களாக வெட்டி, 0.05 விழுக்காடு டொலுயிடின் நீலத்தில் ஒரு நிமிடம் நனைத்தால், லிக்னின் படிந்த நீர்க்குழாய்ச் சுவர்கள் நீலப்பச்சையாகவும், மற்றச் செல்சுவர்கள் ஊதாவாகவும் பிரிந்து தெரியும். மேல்தோலுக்குக் கீழே நிறமற்ற பெரிய செல்கள் பல அடுக்காக அமைந்திருக்கும். அது நீரைச் சேமிக்கும் திசு. அதன் கீழே ஒளிச்சேர்க்கை செய்யும் நெட்டைச் செல்களின் அடுக்கு தொடங்குகிறது. நீர்த்திசுவின் தடிப்பு இலையின் மொத்தத் தடிப்பில் எத்தனை விழுக்காடு என்பதே உவர்ப்பு ஒப்பீட்டுக்கு உதவும் எண். இதைத் தானியங்கி எல்லை மதிப்பிடம் ஒப்படைக்காமல், கோடு கருவியால் மைய நரம்புக்கும் ஓரத்துக்கும் நடுவே ஐந்து இடங்களில் கையால் அளந்து சராசரி எடுப்பதே நம்பகமானது. சாய்வாக வெட்டிய சீவல் எல்லா அடுக்குகளையும் தடித்துக் காட்டும் என்பதால், நெட்டைச் செல்கள் முழு நீளத்துக்குத் தெரியாத சீவல்களை விலக்க வேண்டும்.

நரம்பு அடர்த்தி என்பது ஒரு சதுர மில்லிமீட்டர் இலையில் ஓடும் நரம்புகளின் மொத்த நீளம். வெளுத்துச் சாயமேற்றிய இலையின் படத்தில் நரம்புகளைப் பிரித்து, ஸ்கெலிடனைஸ் என்னும் கட்டளையால் ஒரு புள்ளி அகலக் கோடுகளாக மெலித்து, அக்கோடுகளின் நீளத்தைக் கூட்டுவதே வழி.

கடற்புல் இதற்கு எளிய பயிற்சிக் களம். கரையொதுங்கிய நாடா வடிவ இலைகளைக் கண்ணாடித் தட்டில் சிறிது நீரில் மிதக்கவிட்டு, அடியிலிருந்து ஒளி பாய்ச்சிப் படமெடுத்தால், சாயம் ஏற்றாமலேயே நீள் நரம்புகளை எண்ணலாம். சைமோடோசியா செருலேட்டாவில் அவை 13 முதல் 17 வரையும், சைமோடோசியா ரோட்டண்டேட்டாவில் 9 முதல் 15 வரையும் இருக்கும். எண்கள் ஒன்றோடொன்று மேற்படிவதால் இலை நுனியின் பல்லமைப்பையும் பார்த்தே இனத்தை முடிவு செய்ய வேண்டும், அலையில் தேய்ந்த நுனிகளில் அது தெரியாமலும் போகலாம். கடற்புல் இலைகளில் இலைத்துளைகளே இல்லை.

கற்கும் நிரல்கள்

2015-இல் மருத்துவப் படங்களுக்கென உருவாக்கப்பட்ட யூ-நெட் போன்ற நரம்பு வலையமைப்புகள் இன்று துளைகளையும் நரம்புகளையும் தாமே அடையாளம் காணப் பயன்படுகின்றன. மென்மையான தோலுள்ள செடிகளின் படங்களில் பயின்ற நிரல், தூவிகளும் உப்புச் சுரப்பிகளும் நிறைந்த அலையாத்தியில் வட்டமான சுரப்பியைத் துளையென்று எண்ணக்கூடும். எனவே நம் கரையின் படங்களைக் கையால் குறியிட்டுப் பயிற்றுவித்த பின்னரே அதை நம்பலாம். சோதிப்பதற்கு, பயிற்சியில் சேராத சில படங்களை மனிதர் எண்ணி வைத்திருக்க வேண்டும். உண்மையில் 100 துளைகள் இருக்கும் இடத்தில் நிரல் 90-ஐக் கண்டு, துளையல்லாத 15-ஐயும் சேர்த்துச் சொன்னால், கண்டுபிடிப்பு விகிதம் 90 விழுக்காடு. சொன்னவற்றில் சரியானவை 105-இல் 90, அதாவது சுமார் 86 விழுக்காடு. கூட்டுத்தொகை மட்டும் பார்ப்பவருக்கு 105 என்பது 100-க்கு மிக அருகில் தெரியும். அந்த நெருக்கம் தற்செயலானது.

எத்தனை மரம், எத்தனை படம்

ஐந்து மரங்களில் நான்கு இலைகள் வீதம், ஒவ்வோர் இலையிலும் மூன்று இடங்களில் படமெடுத்தால் 60 படங்கள் கிடைக்கும். ஆனால் புள்ளியியல் சோதனையில் மாதிரியின் அளவு 60 அன்று, 5. ஓர் இலையின் மூன்று படங்களும் ஒரு மரத்தின் நான்கு இலைகளும் ஒன்றையொன்று சாராதவை அல்ல. அவற்றைச் சராசரியாக்கி மரத்துக்கு ஓர் எண் என்று கொண்டபின்தான் புன்னைக்காயலையும் வேறோர் இடத்தையும் ஒப்பிட வேண்டும். நேரம் குறைவாக இருந்தால் படங்களைக் குறைத்து மரங்களைக் கூட்டுவதே சரியான தேர்வு.

திருத்தப்படாத மூலப் படங்கள், அளவுகோல் படம், பறித்த இடம், நாள், மண்ணின் உவர்ப்பு, பயன்படுத்திய எல்லை மதிப்பு, குறைந்தபட்சப் பரப்பு ஆகிய அனைத்தையும் ஒரே கோப்புறையில் வைத்து, அதே கிளையிலிருந்து எடுத்த ஓர் உலர்மாதிரியோடு கல்லூரித் துறையில் ஒப்படைத்துவிட வேண்டும். மரங்களுக்கு எண் இட்டு இருப்பிடத்தையும் பதிந்து வைத்தால், அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் மழைக்கு முன்னும் பின்னும் அதே மரங்களிடம் திரும்பிச் சென்று, அதே விதிப்படி மூன்றாவது இணை இலையைப் பறித்து அளக்கலாம்.